முடித்துவிடக் கூடாத படிப்பு

மனிதகுலத்தின் தலையாய கண்டுபிடிப்பு நெருப்பு என்று சிலர் சொல்வார்கள். சக்கரம் என்று சிலர். வெளிநாட்டில், பிராம்ப்டன் நகரில் ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ராயல் ஹெரான் உலகக் கல்லூரியைப் பார்க்காதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் மேல் கோபித்துப் பயனில்லை. மனிதகுலத்தின் தலையாய கண்டுபிடிப்பு 'இரண்டாவது படிப்பு'. முதல் படிப்பு எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்: அறிவுக்கு, வேலைக்கு, கல்யாணத்துக்கு. இரண்டாவது படிப்பு எதற்கு என்று கேட்டால் அந்த மாடியில் உள்ள முந்நூற்றுப் பத்து மாணவர்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கல்வியின் நோக்கம் குறித்து இவ்வளவு ஒருமித்த கருத்து வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் உருவானதாகத் தகவல் இல்லை.

அங்கத் சிங் சேகோனுக்கு இந்த மேன்மை முதலில் புரியவில்லை. பஞ்சாபில் மோகாவுக்குப் பக்கத்திலிருந்து வந்தவன். இருபத்து நான்கு வயது. 'உலகத் தளவாட மேலாண்மை' என்ற இரண்டு வருடப் பட்டயப் படிப்பை வகுப்பிலேயே முதல் மதிப்பெண்ணோடு முடித்தான். முடித்ததோடு நிற்காமல், முடித்துவிட்டோம் என்று சந்தோஷமும் பட்டான். ஒரு டப்பா ஜிலேபியோடு 'மாணவர் தொடர்ச்சித் துறை' இயக்குநர் டார்லீன் பிக்கர்ஸ்கில் அம்மையாரின் அறைக்குள் நுழைந்தான்.

"மேடம், முடிச்சிட்டேன்!"

டார்லீன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"சத்தமாச் சொல்லாதீங்க."

"ஏன் மேடம்? முதல் மார்க்கு."

"என்னிக்கு முடிச்சீங்க?"

"நேத்து."

"அப்போ இன்னும் எண்பத்தொம்பது நாள் இருக்கு," என்றார் டார்லீன், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில்.

படிப்பு அனுமதியின் சட்டம் அத்தனை அழகானது. அனுமதிச் சீட்டில் என்ன தேதி அச்சிட்டிருந்தாலும் சரி, படிப்பு முடிந்த தொண்ணூறாவது நாள் அது செத்துப்போகும். ஆக, மாணவன் நன்றாகப் படிக்க வேண்டும். படிப்பின் முடிவை நோக்கி நாளும் முன்னேற வேண்டும். முன்னேறவில்லை என்றால் அனுமதி போய்விடும். முன்னேறி முடிவை அடைந்துவிட்டாலும் போய்விடும். முனிவர்கள் குகைக்குள் உட்கார்ந்து தேடிய நடுவழியை இந்நாட்டு அதிகாரிகள் ஒரு சுற்றறிக்கையில் எழுதி வைத்திருந்தார்கள்.

"படிச்சு முடிச்சா வேலை உரிமம் குடுப்பாங்கன்னு எங்க ஊர் ஏஜென்ட் சொன்னாரே?"

"குடுப்பாங்க. அதுக்குன்னு அரசாங்கம் வெச்சிருக்கற பட்டியல்ல உள்ள கல்லூரில படிச்சிருந்தா. நம்ம கல்லூரி அந்தப் பட்டியல்ல இல்ல. நாங்க எதையும் மறைக்கலயே? கையேட்டுலயே போட்டிருக்கோம்."

"எங்க மேடம்?"

"பின்னட்டைல. பார்கோடுக்குக் கீழ."

அங்கத் கையேட்டைத் திருப்பிப் பார்த்தான். போட்டிருந்தது. எறும்புகள் படிப்பதற்கு வசதியான எழுத்தில்.

டார்லீன் ஒரு ஜிலேபியை எடுத்துக்கொண்டு, கனிவோடு ஒரு விண்ணப்பத்தை நகர்த்தினார். "நம்மகிட்ட இன்னொரு படிப்பு இருக்கு. பன்னாட்டு மாணவர் தொடர்ச்சியியல்."

"அது எதைப் பத்தின படிப்பு?"

"பன்னாட்டு மாணவர்கள் தொடர்ந்து மாணவர்களாவே இருக்கறது எப்படிங்கறதைப் பத்தி."

"பிராக்டிகல் உண்டா?"

"அது நீங்க கையெழுத்துப் போட்டதும் ஆரம்பிச்சிடும்."

கையெழுத்து மட்டும் போதாது. அனுமதியை நீட்டிக்க, முதல் படிப்புக்கும் இரண்டாவது படிப்புக்கும் உள்ள 'தர்க்கரீதியான உறவை' விளக்கி அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அங்கத் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் எழுதினான்: "முதல் படிப்பில், சரக்குகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஏற்றி அனுப்பவும், அங்கே கிடங்கில் நீண்ட காலம் கெடாமல் அடுக்கி வைக்கவும் கற்றேன். அதே அறிவை மாணவர்களுக்கும் விரிவாக்க விரும்புகிறேன்."

பதினோரு வாரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. கடிதம் 'மிகத் தெளிவாக' இருந்ததாக டார்லீன் பாராட்டினார்.

தொடர்ச்சியியல் வகுப்பில் இருபத்து மூன்று பேர். தன் ஊரான இபாதானில் பதினோரு வருடம் வங்கி மேலாளராக இருந்த ஃபொலாரின், மணிலாவில் ஒன்பது வருடம் வார்டு நர்சாக இருந்த மாரிவிக் என்று எல்லோரும் ஏற்கனவே எதையாவது உருப்படியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்தக் குறையைக் கல்லூரி பொறுத்துக்கொண்டது. ஆசிரியர் கார்ட் லம்லி. அவரிடம் பதினான்கு ஸ்லைடுகள் இருந்தன. திங்கட்கிழமை ஒன்றிலிருந்து ஏழு. செவ்வாய்க்கிழமை எட்டிலிருந்து பதினான்கு. புதன்கிழமை 'மீள்பார்வை'. நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று காலையில் கார்ட் ஏழாவது ஸ்லைடில் நின்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பனி தள்ற வண்டி ஓட்டப் போறேன்," என்றார் வகுப்பைப் பார்த்து. "அங்க தினம் ஏதாவது கொஞ்சம் நகரும்."

அப்படியே போய்விட்டார். கோட்டு மட்டும் நாற்காலியில் இருந்தது.

ஆசிரியர் இல்லாத வகுப்பு வகுப்பாகாது. வகுப்பு இல்லையென்றால் மாணவர்கள் மாணவர்களாக மாட்டார்கள். மாணவர்களாக இல்லாதவர்கள் விமானத்தில்தான் இருக்க வேண்டும். டார்லீன் அவசரமாகச் சட்டத்தைப் புரட்டினார். மாணவர்கள் வெளியே வாரத்துக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான் வேலை செய்யலாம்; ஆனால் கல்லூரி வளாகத்துக்குள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் செய்யலாம். வளாகத்துக்குள் என்ன வேலை என்று சட்டம் சொல்லவில்லை. அங்கத்தைக் கூப்பிட்டார்.

"நீங்கதான இந்தக் கல்லூரில முதல் மார்க்கு?"

"போன படிப்புல மேடம்."

"அது போதும். நாளைலேருந்து தொடர்ச்சியியலுக்கு நீங்கதான் ஆசிரியர்."

"நான் அந்த வகுப்புல மாணவன் மேடம்!"

"மாணவனாவும் இருக்கணும். வருகைப் பதிவு குறைஞ்சா அனுமதி போயிடும். ஜாக்கிரதை."

இப்படியாக, ஆசிரியர்-மாணவர் இடைவெளி என்று கல்வியாளர்கள் நூறு வருடமாகப் புலம்பி வந்த நோய்க்கு ராயல் ஹெரான் ஒரே நாளில் மருந்து கண்டுபிடித்தது. தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆசிரியர் அங்கத் மேசைக்குப் பின்னால் நின்று பெயர் வாசிப்பார். "அங்கத் சிங் சேகோன்" என்ற பெயர் வந்ததும் பேனாவை வைத்துவிட்டு, இரண்டாவது வரிசையில் மூன்றாவது இடத்துக்கு நடந்துபோய் உட்கார்ந்து, "பிரசன்ட் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து குறித்துக்கொள்வார். முதல் வாரம் வகுப்பு சிரித்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. மூன்றாவது வாரம் அவர் பஸ்ஸைத் தவறவிட்டு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தபோது ஃபொலாரின் எழுந்து நின்றார்.

"சார், அங்கத் இன்னிக்கு லேட்டா வந்தான். ஆப்சென்ட் போடுங்க."

"பாஜி, உங்களுக்கு இது அநியாயமாத் தெரியலயா?" என்றான் அங்கத். வயதில் மூத்தவர்களை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவான்.

"போன வாரம் எனக்குப் போட்டீங்க இல்ல? அப்போ மட்டும் நியாயமா? ஒருத்தனுக்கு மட்டும் செல்லம் குடுக்காதீங்க சார். அவனும் நீங்களும் ஒரே ரூம்ல தங்கியிருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும்."

ஆப்சென்ட் போடப்பட்டது.

பதினான்கு ஸ்லைடுகளும் முதல் நாளே தீர்ந்துவிட்டன. இரண்டாம் நாள் என்ன நடத்துவது என்று அங்கத் விழித்துக்கொண்டு நின்றபோது மாரிவிக் ஒரு காகிதத்தை நீட்டினாள். அவள் வேலை பார்க்கும் கிடங்கின் சம்பளச் சீட்டு. "சார், இதுல 'இதர பிடித்தம்'னு ஒண்ணு மாசாமாசம் வருது. இதரன்னா யாரு?"

அங்கத் அந்தச் சீட்டைத் திரையில் போட்டான். அன்றோடு வகுப்பு கெட்டது. சம்பளச் சீட்டுக்குப் பிறகு வாடகை ஒப்பந்தம் வந்தது. ஒரே நிலவறையை ஒன்பது பேருக்குத் தனித்தனியாக வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் திரையில் வந்தார். ஃபொலாரின் எழுந்து வங்கி அட்டையின் வட்டி எப்படி வளர்கிறது என்று பலகையில் வரைந்து காட்டினார். கிடங்கில் முதுகு பிடித்துக்கொண்டால் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று மாரிவிக் சொல்லிக் கொடுத்தாள். எதிர் அறையின் தளவாட மாணவர்கள் தங்கள் வகுப்பை விட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றார்கள். கல்லூரியின் வரலாற்றில் முதல் முறையாக நாற்காலிப் பற்றாக்குறை ஏற்பட்டது. மேல்மாடியில் என்ன கூட்டம் என்று கீழே மெத்தைக் கடை முதலாளி வீட்டோ நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

ஊரிலிருந்து அங்கத்தின் அம்மா பேசினார். அவர் மகனை 'புத்தர்' என்றுதான் கூப்பிடுவார். பஞ்சாபியில் அதற்கு மகன் என்று பொருள். ஆசையைத் துறந்தவர் என்று பொருளில்லை. துறந்திருந்தால் பிராம்ப்டனுக்கு வந்திருக்க மாட்டான்.

"புத்தர், நீ புரொஃபசர் ஆயிட்டேன்னு சொன்னதும் குருத்வாராவுல எல்லாருக்கும் அல்வா குடுத்தேன். உன் சித்தி மூஞ்சி போன போக்கைப் பாத்திருக்கணும்!"

"சரிம்மா. இப்ப வெக்கட்டுமா? அடுத்த வாரம் பரீட்சை. படிக்கணும்."

அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"புரொஃபசர் எதுக்குடா பரீட்சை எழுதணும்?"

"இங்க அப்படித்தாம்மா."

"கேள்வித்தாள் யாரு போடறது?"

"நாந்தான்."

"திருத்தறது?"

"அதுவும் நாந்தாம்மா."

"அப்போ என்னத்தடா படிக்கப் போற?" என்றார் அம்மா. பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, "கஷ்டமா ஒரு கேள்வியாவது போடு. நாலு பேர் தப்பா நினைக்கக் கூடாது," என்றார்.

கேள்வித்தாள் அல்ல பிரச்சினை. பரீட்சையில் தேறினால் தொடர்ச்சியியல் முடிந்துவிடும். கல்லூரியில் மொத்தமே இரண்டு படிப்புகள்தான். இருபத்து மூன்று பேருக்கும் தொண்ணூறு நாள் எண்ணத் தொடங்கிவிடும். தேறாவிட்டால் 'முன்னேற்றமில்லை' என்று அனுமதி முறியும். தேற வைப்பதா, தேறாமல் விடுவதா என்று ஆசிரியர் அங்கத் மாணவன் அங்கத்திடம் கேட்டால், அவனுக்கும் தெரியவில்லை.

மதிய இடைவேளையில் ஃபொலாரின் தன் டப்பாவிலிருந்து தக்காளியில் வெந்த தன் ஊர் ஜொல்லோஃப் சோற்றை அள்ளி இவன் ரொட்டியின் மேல் வைத்தார். வகுப்பில் இருந்த கேலி இப்போது இல்லை.

"எம் பொண்ணு பனிச்சறுக்கு கத்துக்கிட்டிருக்கா தம்பி. நல்லா நேராப் போறா. திரும்பத்தான் இன்னும் தெரியல. சுவத்துல முட்டித்தான் நிக்கறா. இன்னும் ரெண்டு மாசத்துல திரும்பிடுவான்னு சொல்லிக் குடுக்கறவர் சொன்னார்." சாப்பாட்டைக் கிளறினார். "இபாதான்ல பனி இல்ல."

அங்கத் மாணவர் கையேட்டைப் புரட்டினான். யாருமே புரட்டியிராததால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அறுபத்தொன்றாம் பக்கத்தில், விதி முப்பத்து நான்கு: 'கற்பித்தல் குறைபாடுடையது என விசாரணையில் நிறுவப்பட்டால், அந்தப் பருவம் நடைபெறவில்லை என்றே கருதப்படும், மாணவர் அதை மீண்டும் பயிலலாம், அது அவரது முன்னேற்றத்தைப் பாதிக்காது.'

அவன் அதை மூன்று முறை படித்தான். பிறகு சத்தமாகப் படித்தான்.

"அதாவது, வாத்தியார் தண்டம்னு நிரூபிச்சா போதும்," என்றான். "எல்லாருக்கும் முதல்லேருந்து."

"நல்ல விதிதான்," என்றார் ஃபொலாரின். கையிலிருந்த கரண்டி நின்றது. "வாத்தியார் நீயாச்சே."

பரீட்சைக்கு முன்னால் யாராவது ஒருவர் புகார் எழுத வேண்டும்; எழுதினால் விசாரணை முடியும்வரை பரீட்சை நிற்கும். அங்கத் வகுப்பில் கெஞ்சினான். இருபத்திரண்டு பேரும் மறுத்தார்கள். மாரிவிக் அழுதேவிட்டாள். "அந்த 'இதர'ங்கறதை எனக்குத் திருப்பி வாங்கிக் குடுத்ததே நீங்கதான். உங்களைப் போய்த் தண்டம்னு எழுதச் சொன்னா எப்படி? வேணும்னா கொஞ்சம் மோசமா நடத்துங்க, அப்புறம் எழுதறேன்."

கடைசியில் மாணவன் அங்கத்தே ஆசிரியர் அங்கத்தின் மீது புகார் எழுதினான். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'இது குறித்து ஆசிரியரிடம் நேரில் பேசினீர்களா?' அவன் எழுதினான்: 'பேசினேன். அவரும் ஒத்துக்கொண்டார்.'

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் கிராம்பி. கல்லூரி உரிமையாளரின் மைத்துனர். எதில் டாக்டர் என்று யாரும் கேட்டதில்லை. அடுத்தவர் டார்லீன். 'தொழில்துறைப் பிரதிநிதி'யாக மெத்தைக் கடை வீட்டோ. நான்கு மணிக்குக் கடைக்கு லாரி வரும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எதிரே இரண்டு நாற்காலிகள். இடது பக்கம் புகார்தாரருக்கு. வலது பக்கம் எதிர்த்தரப்புக்கு.

"புகார்தாரர் வந்திருக்காரா?"

"வந்திருக்கேன் சார்," என்றான் அங்கத், இடது நாற்காலியில்.

"எதிர்த்தரப்பு?"

அங்கத் எழுந்து வலது நாற்காலிக்குப் போனான். "வந்திருக்கேன் சார்."

கிராம்பி கண்ணாடியை இறக்கி டார்லீனைப் பார்த்தார். "இதுல சட்டச் சிக்கல் ஏதாவது?"

"புகார்தாரரும் எதிர்த்தரப்பும் ஒரே நாற்காலில உக்காரக் கூடாதுன்னு விதி இருக்கு. இவர் உக்காரல."

"நல்லது. புகார்தாரரே, இந்த ஆசிரியர் உங்களை எப்பவாவது மிரட்டினாரா?"

அங்கத் மாறி உட்கார்ந்தான். "ஒரு தடவை ஆப்சென்ட் போட்டார் சார். அஞ்சு நிமிஷம்தான் லேட்டு."

"இதுக்கு என்ன சொல்றீங்க ஆசிரியரே?"

மறுபடி மாறினான். மூச்சு வாங்கியது. "தப்புதான் சார். அந்தப் பையன் நல்லவன்."

"சமரசத்துக்கு வாய்ப்பிருக்கா? ரெண்டு பேரும் தனியா உக்காந்து பேசிப் பாத்தீங்களா?" என்றார் கிராம்பி.

"ரெண்டு வாரமா வேற வேலையே இல்ல சார்."

சாட்சியாக ஃபொலாரின் அழைக்கப்பட்டார். கோட்டு அணிந்து, வங்கியில் தணிக்கைக்காரர்கள் முன் நின்ற மாதிரி நின்றார்.

"இந்த ஆசிரியர் பதினாலு ஸ்லைடையும் நடத்தினாரா?"

"ஒரு நாள் நடத்தினார். அப்புறம் நடத்தல."

"வேற என்ன செஞ்சார்?"

"சம்பளச் சீட்டைப் படிக்கச் சொல்லிக் குடுத்தார். வாடகை ஒப்பந்தம். ஓவர்டைம் சட்டம். நாங்க வேலை பாக்கற கிடங்குல பதினாறு பேருக்குப் பாக்கிச் சம்பளம் வந்துச்சு."

கிராம்பி நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.

"அப்போ," என்றார் கிராம்பி மெதுவாக, "அவர் சொல்லிக் குடுத்தது உபயோகமா இருந்துச்சுன்னு சொல்றீங்க?"

ஃபொலாரின் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிக்கணும் சார். இருந்துச்சு."

கிராம்பி கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "எத்தனை வாரமா இது நடக்குது?"

"ஆறு வாரம் சார்."

"ஆறு வாரம்! நம்ம கட்டடத்துலயா? டார்லீன், உங்களுக்குத் தெரியுமா இது?"

"கூட்டமா இருந்துச்சு சார். நான் பிறந்தநாள்னு நினைச்சேன்."

அதுவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த வீட்டோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எங்கடைல மெத்தை தூக்கற ரெண்டு பேர் போன வாரம் வந்து விடுமுறைச் சம்பளம் கேட்டாங்க. பத்து வருஷத்துல ஒருத்தன் கேட்டதில்ல! விதி எண்ணோட கேட்டாங்க! எங்கேருந்துடா கத்துக்கிட்டு வர்றானுங்கன்னு யோசிச்சேன். தலைக்கு மேலயே பள்ளிக்கூடம் நடந்திருக்கு!"

தீர்ப்பு கால் மணி நேரத்தில் வந்தது. ஆசிரியர் அங்கத் சிங் சேகோன், 'பாடத்திட்டத்துக்கு வெளியே தொடர்ச்சியாகக் கல்வி புகட்டிய' குற்றத்துக்காகப் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். இனி எக்காலத்திலும் இக்கல்லூரியில் எதையும் கற்பிக்கக் கூடாது. பருவம் நடைபெறவில்லை என்று கருதப்படும். ஜனவரியில் மறுபடி தொடங்கும். ஸ்லைடுகள் இனி மனித உதவியின்றித் தாமாகவே ஓடும்படி அமைக்கப்படும்.

மறுநாள் அங்கத்தின் தபால் பெட்டியில் இரண்டு உறைகள் கிடந்தன. ஒன்று பணிநீக்க உத்தரவு. மற்றது கல்லூரியின் வருத்தக் கடிதம்: 'இத்தகைய ஆசிரியரிடம் தாங்கள் பட்ட துன்பத்துக்கு வருந்துகிறோம். தங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறோம்.' உள்ளே ஒரு தலையணைக்குத் தள்ளுபடிச் சீட்டும் இருந்தது.

வகுப்பே அவனைத் தூக்கிக் கொண்டாடியது. ஃபொலாரின் தன் மகள் வரைந்த படம் ஒன்றைக் கொண்டு வந்தார். பனி மேல் ஒரு தலைப்பாகைக்காரன் சறுக்கிக்கொண்டிருந்தான். அங்கத்தும் சிரித்தான். வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புகார் வென்றதில் சந்தோஷமா, வேலை போனதில் துக்கமா என்று அவனுக்கே பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: அந்த ஆறு வாரமும் காலையில் எழுந்து சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருக்கிறான். இனி வேண்டியதில்லை. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை.

சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. இந்தக் களேபரத்துக்கு முன்னாலேயே கல்லூரி புதிய கையேட்டை அச்சடித்துவிட்டிருந்தது. நாலாயிரம் பிரதிகள். அட்டையில் அங்கத், கையைக் கட்டிக்கொண்டு, 'நேற்றைய மாணவர், இன்றைய பேராசிரியர்!' என்ற வாசகத்தோடு. டார்லீன் கூப்பிட்டு அனுப்பினார்.

"மோகாவுல சனிக்கிழமை மாணவர் சேர்க்கை முகாம். இங்கேருந்து வீடியோவுல நீங்க பேசணும்."

"என்னைத்தான் வேலையை விட்டுத் தூக்கிட்டீங்களே மேடம்?"

"கற்பிக்கத்தான் கூடாதுன்னு தீர்ப்பு. இதுல நீங்க யாருக்கும் எதையும் கற்பிக்கப் போறதில்லையே?"

அங்கத் ஒத்துக்கொண்டான். ஒரு தீர்மானத்தோடுதான் ஒத்துக்கொண்டான். சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து திரையின் முன் உட்கார்ந்தான். மோகாவில் அப்போது மாலை. கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் பெற்றோர்கள், கையில் கோப்புகளோடு. மேடையில் மைக்கோடு ஏஜென்ட். இவனுக்கு 'வேலை உரிமம்' சொன்ன அதே ஆள். கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

முதல் கேள்வியை ஒரு பையன் கேட்டான். "சார், நீங்க படிச்சு முடிச்சிட்டீங்களா?"

"இல்ல," என்றான் அங்கத். "மூணு வருஷமாச்சு. ரெண்டாவது படிப்பு. இன்னும் முடியல."

"பாத்தீங்களா, அவ்வளவு ஆழமான படிப்பு!" என்றார் ஏஜென்ட் மைக்கில்.

"ஆழமெல்லாம் இல்ல. மொத்தம் பதினாலு ஸ்லைடு."

"சுருக்கமா, நச்சுன்னு!"

"என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க."

"கண்டிப்பான நிர்வாகம்!"

"நான் தண்டம்னு நானே புகார் குடுத்தேன்."

"இந்தப் பணிவை எந்த யுனிவர்சிட்டி கத்துக் குடுக்கும்?" ஏஜென்ட்டின் குரல் தழுதழுத்தது. மண்டபம் கைதட்டியது.

மெலிந்த பெண் ஒருத்தி எழுந்தாள். பெயர் ஜப்லீன் என்றாள். கையேட்டை மார்போடு அணைத்திருந்தாள். "வீர்ஜி, இதைப் படிச்சா என்ன ஆகலாம்?"

தன்னை அண்ணன் என்று கூப்பிட்டவளிடம் பொய் சொல்ல அங்கத்துக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தான். "இதையே இன்னொருத்தருக்கு நடத்தலாம்மா," என்றான்.

கைதட்டல் அடங்க நேரமானது. அங்கத் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு வெகு அருகில் வந்தான். "எல்லாரும் கேட்டுக்குங்க. நான் நேராச் சொல்றேன். சேராதீங்க."

முன்வரிசையில் கோப்புகள் மூடப்பட்டன. ஏஜென்ட் மட்டும் நிதானமாக மைக்கை உயர்த்தினார். "சீட்டு கம்மியா இருக்கு. அதைத்தான் மறைமுகமாச் சொல்றார்."

அப்போது முன்வரிசையிலிருந்து ஜப்லீனின் அப்பா எழுந்தார். மேஜர் சிங் என்று பெயர். பட்டாளத்தில் இருந்ததில்லை, பெயரே அதுதான். ஏஜென்ட் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நீ உண்மையைத்தான் பேசறேன்னு எனக்குத் தெரியுது. இவன் பேசறதெல்லாம் பேத்தல். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. படிப்பு இல்லங்கற. வேலை இல்லங்கற. நிம்மதி இல்லங்கற. அப்போ கிளம்பி ஊருக்கு வந்துட வேண்டியதுதானே? ஏன் வரல?"

அங்கத் வாயைத் திறந்தான். இடது நாற்காலியிலும் வலது நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து பதில் சொன்னவன்தான். இதற்கு எந்த நாற்காலியிலும் பதில் இல்லை. திரையில் அவன் அசையாமல் இருந்ததைப் பார்த்து, இணையம் தடைப்பட்டுவிட்டது என்று ஒருவர் சொன்னார்.

"வரலதானே?" என்றார் மேஜர் சிங். "அது போதும்." மகளின் தோளைப் பிடித்து, விண்ணப்பம் வாங்கும் வரிசைப் பக்கம் திருப்பிவிட்டார்.

அன்று ஒரே மாலையில் நாற்பத்தேழு பேர் சேர்ந்தார்கள். அங்கத் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அந்தக் கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து சொல்லி வந்த பொய்கள் எதுவும் ஒரே நாளில் இத்தனை பேரைச் சேர்த்துக் கொடுத்ததில்லை.